மேல் பெட்டி, கீழ் பெட்டி

— ஏழு பிள்ளைங்களுக்குப் பின்னமே தெரியாதுன்னு உங்க சாஃப்ட்வேர் சொல்லுது தம்பி. நான் நம்ப மாட்டேன்.

— எந்த டீச்சர் நம்பியிருக்காங்க அண்ணி? காக்கைக்கும் தன் குஞ்சு...

— பழமொழி இருக்கட்டும். ரிப்போர்ட் போனா ஏழு பேரையும் தனி வகுப்புல தள்ளிடுவாங்க. அப்புறம் யாரு அவங்கள மேல தூக்கிவிடுறது? இன்னும் அனுப்பலையே?

— அது... முதல்ல இத முடிப்போம். விடை எழுதத் திரையில நான் வச்சது ரெண்டே பெட்டி. மேல ஒண்ணு, நடுவுல கோடு, கீழ ஒண்ணு. எண்ணத் தட்டினா போதும். அதுலயும் தப்புன்னா நான் என்ன பண்ண?

— எந்தப் பெட்டி முதல்ல திறக்கும்?

— மேல் பெட்டிதான். இதென்ன கேள்வி?

— ஒரு ரொட்டிய எட்டாப் போட்டு மூணு துண்டு தின்னாச்சு. தின்னது எவ்வளவு? வாய்விட்டுச் சொல்லுங்க.

— எட்டுல மூணு.

— எத முதல்ல சொன்னீங்க?

— எட்ட... ம்.

— பிள்ளையும் அப்படித்தான் முணுமுணுத்துக்கிட்டே தட்டுது. எட்டு மேல போய் உக்காந்துடுது. காகிதம்னா எட்டக் கீழ எழுதிட்டு, மூண மேல எழுதும். உங்க பெட்டியில அதுக்கு வழி ஏது?

— கீழ் பெட்டியத் தொட்டா அதுவும் திறக்குமே. பாத்துத் தட்டக் கூடாதா?

— ரெண்டாவது எண்ணத் தட்டினதும் அடுத்த கணக்கு வந்துடுது. எங்க பாக்குறது?

— எல்லாம் ஊகம் அண்ணி. இத நம்பி மாத்தினா மேனேஜர் என்னை உரிச்சுத் தொங்க விட்டுடுவார். பின்னம் நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் இதுல தப்புப் போட்டார்னு காட்டுங்க, இப்பவே மாத்துறேன்.

— ஒருத்தர் போதுமா?

— போதும். அந்த ஆந்தைய மட்டும் காட்டிடாதீங்க.

— ஏன், ஆந்தைக்கு என்ன?

— பேருக்குப் பதிலா ஆளுக்கொரு படம் வச்சோம்ல... ஆந்தைப் படத்த எடுத்தது யாரோ, ஒரு கணக்குக்கும் யோசிக்கவே இல்ல. சடசடன்னு தட்டி அத்தனையும் தப்பு. இவ்வளவு தைரியமான மக்க நான் பாத்ததே இல்ல.

— மக்குன்னு சொல்லாதீங்க.

— உங்க செல்லப் பிள்ளையா?

— இல்ல...

— பின்ன ஏன் உங்களுக்குக் கோவம் வருது?

— அன்னைக்கு ஒரு பிள்ளை வரல. பரீட்சைக்கு வச்ச டேப்லெட் ஒண்ணு சும்மா கிடந்துச்சு...

— அதனால?

— உங்க அண்ணன் காதுக்குப் போச்சுன்னா ஆயுசுக்கும் கிண்டல் பண்ணுவார். யாருகிட்டயும் சொல்லிடாதீங்க... ஆந்தை நான்தான்.

— பெட்டிய மாத்திடுறேன் அண்ணி. மத்த ஆறு பேரையும் மறுபடி எழுத வைப்போம். ஆனா ரிப்போர்ட்ட காலையிலயே உங்க ஹெட்மாஸ்டருக்கு அனுப்பிட்டேன். ஆந்தைக்கு மட்டும் அடியிலேருந்து கணக்குச் சொல்லித் தரணும், அதுக்கு உங்கள விட்டா ஆள் இல்லன்னு சிபாரிசும் பண்ணியிருக்கேன்.