ஒரு குடத்துக்கு இரண்டு எண்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் ஐயா அவர்களே, ஞாயிறு பள்ளிப் பாடநூல் குழுத் தலைவர் திரு. தங்கராஜு அவர்களே, முன்வரிசையில் கலங்கி அமர்ந்திருக்கும் சகோதரி மரகதம் அம்மாள் அவர்களே, சூலியா தெருவில் கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் அரிசி வியாபாரி ஷேக் அலாவுதீன் அவர்களே, பினாங்குத் தமிழ்ப் பெருமக்களே!

நான் அச்சகம் வைத்திருப்பவன். பிறர் எழுதியதை எழுத்துக் கோத்தே பழகியவன்; மேடை ஏறிப் பழக்கமில்லை. ஆனாலும் இன்று வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனால் எனக்குச் சோறு இறங்காது.

போய்விட்டாரே நம் ஆசிரியர் பாக்கியநாதன்! எபிரெய மொழி கற்ற தமிழர் இந்தத் தீவில் வேறு யார்? வேதத்தில் வரும் பழைய அளவுகளையெல்லாம் லிட்டர் கணக்கில் கொண்டுவரப் பாடுபட்டவர் வேறு யார்?

அந்த வேலை ஒரு சண்டையில்தான் தொடங்கியது. அறுப்புப் பண்டிகைக்கு ஒவ்வொரு வீட்டாரும் கோயிலுக்கு ஓர் ஓமர் அரிசி கொண்டுவரச் சொன்னார்கள். வேதத்தில், வனாந்தரத்தில் வானத்திலிருந்து விழுந்த மன்னா என்ற உணவு ஒருவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவோ, அதுதான் ஓமர். "ரெண்டு படி" என்று யாரோ சொல்லிவிட்டார். எந்த ஊர்ப் படி? தஞ்சாவூர்க்காரர் சின்னப் படியால் அளந்தார். சென்னைப் பட்டணத்துக்காரர் பெரிய படியால் அளந்தார். இங்கேயே பிறந்தவர்கள் கடையில் அரிசி அளக்கும் மலாய் அளவான கந்தாங்கைத் தூக்கி வந்தார்கள். "ஒங்க படி குருவி தண்ணி குடிக்கிற கிண்ணம் லா!" என்று ஒருவர் சொல்ல, கோயில் வாசலிலேயே வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்கள். நினைவிருக்கிறதா? சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், ஆசிரியரும் சிரித்தார்.

மறுநாளே ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரிடம் லிட்டர் குவளை ஒன்றை இரவல் வாங்கிவந்தார். "லிட்டருக்குச் சொந்த ஊரு கெடையாதுண்ணே, சண்டையே வராது" என்று என்னிடம் சொன்னார். ஷேக் அலாவுதீன் அவர்களின் கடையில் உட்கார்ந்து ஊர் ஊரான படிகளையும் கந்தாங்கையும் அந்தக் குவளையால் அளந்து, எது எத்தனை லிட்டர் என்று எழுதி வைத்தார். அந்தச் சண்டை தீர்ந்தது.

ஐயோ, அதைவிடப் பெரிய சண்டை காத்திருந்தது! 'பாத்' என்ற எபிரெய அளவை நம் வேதத்தில் குடம் என்று எழுதியிருக்கிறோம். அந்தக் குடம் எத்தனை லிட்டர்? பழைய அறிஞர்களின் கணக்கில் ஏறக்குறைய முப்பத்தொன்பது. பாலஸ்தீனத்து மண்ணில் கிடைத்த உடைந்த சாடிகளை வைத்து இப்போது கணக்கிடுகிறவர்களோ இருபத்திரண்டு என்கிறார்கள். குடத்தில் பத்தில் ஒரு பங்குதான் ஓமர்; குடம் மாறினால் ஓமரும் மாறும், எல்லாமே மாறும். இரண்டில் எது சரி? நம் ஆசிரியர் ஞாயிறு பள்ளிப் பாடநூலுக்கான அளவுப் பட்டியலில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி, கீழே 'எது சரியென்று இன்னும் தெரியவில்லை' என்று குறித்துக் கொடுத்தார்.

குழு ஒப்பவில்லை. "ரெண்டு நம்பரப் பாத்தா பிள்ளைங்க வேதத்தையே சந்தேகப்படும் சார். ஒண்ணப் போடுங்க, அத்தோட முடிஞ்சிது" என்றார் தலைவர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், நான் மறுக்கவில்லை. ஆசிரியர் சொன்ன பதிலும் என் காதில் விழுந்தது. "எனக்குத் தெரியாதத தெரிஞ்ச மாதிரி பிள்ளைங்களுக்கு எப்படி லா சொல்றது?"

அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்! அதற்குப் பிறகு ஊர் என்ன பேசியது? பாக்கியநாதன் வேதத்தைச் சந்தேகிக்கிறான் என்றது. அவருடைய ஞாயிறு வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அவர் கோயிலுக்கு வருவதை நிறுத்தவில்லை. கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. பிறகு காய்ச்சல் வந்தது. படுத்தவர் எழவில்லை.

பெரியோர்களே, குழுவிலிருந்து என்னிடம் நேற்று ஆள் வந்தது. அந்தப் பட்டியலில் ஒரே எண்ணை வைத்துக்கொண்டு, 'தொகுத்தவர் காலஞ்சென்ற ஆசிரியர் பாக்கியநாதன்' என்று போட்டுவிடச் சொன்னார்கள். அது அவருக்குச் செய்யும் மரியாதையாம்! உயிரோடு இருந்தபோது அவர் எழுத மறுத்ததை, செத்த பிறகு அவர் பெயரில் எழுதுவதா? எது சரியான எண்ணென்று எனக்கும் தெரியாது. அது என்னையும் உறுத்துகிறது. ஆனால் இந்தக் கையால் அதைச் செய்ய மாட்டேன். இரண்டு எண்களோடும் அந்தக் குறிப்போடும்தான் அந்தப் பட்டியல் என் அச்சகத்திலிருந்து வெளிவரும். சபை வேண்டாமென்றால் என் பொறுப்பில் வரும். நாளை யாராவது நிச்சயமான எண்ணைக் கண்டுபிடித்தால் அதையும் அச்சிடுவேன். இது நான் அவருக்குக் கொடுக்கும் வாக்கு.

இன்னும் ஒன்று. அடக்கத்தின்போது மரகதம் அம்மாள் என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்: "அண்ணே, எங்க வீட்டுக்காரரு விசுவாசம் இல்லாமத்தான் போயிட்டாரா? எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்களா?" ஊரார் சார்பில் நான் ஒருவன் எப்படிப் பதில் சொல்வேன்?

இரங்கல் கூட்டத்தின் முடிவில் எழுந்து நின்று மௌனம் காப்பது வழக்கம். இன்று அதை வழக்கத்துக்காகச் செய்ய வேண்டாம். பாக்கியநாதன் அவிசுவாசி என்று நம்புகிறவர்கள் உட்கார்ந்தே இருக்கலாம். ஒருவரும் குறை சொல்ல மாட்டோம். இல்லை என்பவர்கள் எழுந்து நில்லுங்கள். அம்மா, நீங்கள் மட்டும் உட்கார்ந்திருங்கள். திரும்பிப் பாருங்கள்.