கறுப்பு உறை போட்ட கம்பி

— இந்தக் காலத்துல எவனும் சாமானைக் கையில குடுத்துக் காட்டறதில்ல சிஸ்டர். போன்ல ஒரு படத்தைக் காட்டிக் கையெழுத்தை வாங்கிட்டுப் போயிடறான். தக்காளி வாங்கினாகூட அமுக்கிப் பாக்கறோம். வயித்துக்குள்ள விடப்போறதைப் பாக்க வேண்டாமா?

— அதுக்குத்தானேய்யா தட்டோட வந்திருக்கேன். இருபது வருஷ சர்வீஸ்ல, ஆபரேஷன் தியேட்டர் சாமானைப் பேஷண்ட் கட்டிலுக்குத் தூக்கிட்டு வந்தது இதான் மொத தடவ. பாத்துட்டுக் கையெழுத்தைப் போடுங்க. பதினோரு மணிக்கு உங்களுக்கு.

— இதையா உள்ள விடப்போறீங்க?

— இது பழைய செட்டு. புதுசா வர்ற நர்சுங்களுக்குச் சொல்லிக் குடுக்க வச்சிருக்கோம். உங்களுக்கு எடுக்கறது சுத்தம் பண்ணிப் பொட்டலம் கட்டி இருக்கு, அதைத் தொடக் கூடாது. ஆனா ரெண்டும் ஒரே மாதிரிதான்.

— அது கிடக்கட்டும். இந்தக் குழாய் என்னத்துக்கு?

— பாருங்கய்யா, வயித்துல நாலு ஓட்டை. தொப்புள்கிட்ட ஒண்ணு, அதுக்கு மேல மூணு. ஒவ்வொண்ணுலயும் இந்த மாதிரி ஒரு குழாய். மொதல்ல காத்தடிச்சு வயித்தை உப்ப வைப்பாங்க.

— சைக்கிள் டியூப் மாதிரி.

— கிட்டத்தட்ட. உப்பினாத்தான் உள்ள இடம் கிடைக்கும். அப்பறம் இந்தக் கேமரா. உள்ள இருக்கறதெல்லாம் டிவியில தெரியும்.

— அப்ப டாக்டர் என் வயித்தைப் பாக்க மாட்டாரு. டிவியைப் பாப்பாரு.

— ஆமா.

— என் மருமகளும் டிவியைப் பாத்துக்கிட்டுத்தான் சமைக்கிறா. அது கிடக்கட்டும். இது?

— இது பித்தப்பையைப் பிடிச்சுத் தூக்கற இடுக்கி. இது கிளிப் போடறது. பைக்குப் போற குழாய்ல ரெண்டு பக்கமும் கிளிப் போட்டு, நடுவுல வெட்டுவாங்க.

— அந்தக் கிளிப்பு எப்ப வெளிய வரும்?

— வராது. உள்ளயே இருந்துடும், ஒண்ணும் பண்ணாது. கடைசில பையை ஒரு சின்ன உறைக்குள்ள போட்டு வெளிய இழுத்துடுவாங்க.

— என் கல்லை எனக்குக் குடுப்பீங்களா?

— கேட்டா டப்பாவுல போட்டுக் குடுப்போம்.

— கேட்டான்னு எழுதிக்கோ.

— எழுதறேன். மொதல்ல நீங்க கையெழுத்து போடுங்கய்யா. ஏற்கெனவே ரெண்டு தடவ எழுந்து வீட்டுக்குப் போயிட்டீங்க. போன வாரம் சுருண்டு கிடந்த உங்களை உங்க மகன்தான் தூக்கிட்டு வந்தாரு. இன்னொரு தடவ கல்லு நழுவி அடைச்சா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொன்னாரா இல்லியா? லிஸ்ட்ல உங்களுக்கு அடுத்து ஒரு அம்மா இருக்காங்க. டாக்டரை ஒரு வார்த்தை கேக்கல. நேத்தே கையெழுத்தைப் போட்டுட்டாங்க.

— அவங்க நம்பற ரகம். நான் அந்த ரகம் இல்ல. இந்தக் கறுப்புக் கம்பி என்ன, நுனி கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கு?

— ஈரல்ல ஒட்டியிருக்கற பையைப் பிரிச்சு எடுக்கறது. இதுல கரண்ட் வரும்.

— கரண்டா?

— கொக்கியில மட்டும்தான்யா. மீதி முழுக்கக் கறுப்பு உறை. கரண்ட் வெளிய வரவே வராது.

— நாப்பத்திரெண்டு வருஷம் மோட்டார் காயில் சுத்தினவன்கிட்ட சொல்றே. ஜன்னல் பக்கம் நகரு, வெளிச்சம் வேணும்.

— மெதுவா. வளைச்சுடாதீங்க.

— வளைக்கல. நகத்தை வச்சு ஓட்டறேன். இங்க பாரு.

— ஒண்ணும் தெரியலியே.

— கண்ணுக்குத் தெரியாது. உன் நகத்தை வை. கொக்கியிலேருந்து நாலு விரல் தள்ளி. தட்டுதா?

— ம்.

— உறை வெடிச்சிருக்கு. இப்ப கரண்ட் நுனி வரைக்கும் ஏன் போகணும்? பாதி வழியிலயே எறங்கிடும். அந்த இடத்துக்குப் பக்கத்துல என்ன இருக்கும்?

— குடல்.

— டிவியில தெரியுமா?

— கேமரா கொக்கியைத்தான் பாத்துட்டிருக்கும். ஆனா பாருங்கய்யா, இது ஒதுக்கி வச்ச கம்பி.

— எதுக்கு ஒதுக்கினீங்க?

— கைப்பிடி ஆடுச்சு.

— அப்ப வெடிப்புக்காக ஒதுக்கல.

— ஒதுக்கின அப்பறம்கூட வெடிச்சிருக்கலாம்.

— இருக்கலாம். சத்தியம் பண்ணுவியா?

— இல்ல.

— சரி. பொட்டலத்துக்குள்ள இருக்கறதை யாரு பாத்தது?

— நாந்தான். கழுவி, துடைச்சு, பாத்து, டிக் போட்டது நாந்தான்.

— நகத்தை வச்சியா?

— கண்ணாலதான்யா பாப்போம். கரண்ட் கசியுதான்னு பாக்கறதுக்கு ஒரு மெஷின் வேணும்னு எழுதிக் குடுத்திருக்கோம்.

— எப்ப?

— மூணு வருஷமாச்சு.

— என் கடையில மெக்கர் கிடக்கு. கைப்பிடியைச் சுத்தினா கரண்ட் கசியுதா இல்லியான்னு முள்ளு சொல்லிடும். டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள தெரிஞ்சுடும். மூணு வருஷம்! அந்தச் செருப்பை இப்படித் தள்ளு.

— எங்கய்யா கிளம்பறீங்க?

— வீட்டுக்கு. இந்தா உன் பேனா.

— பிரிக்காத புதுக் கம்பி இருக்கு. டாக்டர்கிட்ட சொல்லி அதையே எடுக்கச் சொல்றேன்.

— அதை யாரு சோதிச்சது?

— கம்பெனியில சோதிச்சிருப்பாங்க.

— ‘சோதிச்சிருப்பாங்க.’ நல்லாருக்கு.

— அய்யா, நில்லுங்க. கவுன் முடிச்சு பின்னாடி அவிழ்ந்திருக்கு.

— காத்து வரட்டும்.

— லிஃப்ட்டுலயாவது போங்க. வெறும் வயித்தோட மூணு மாடி எறங்கறீங்க.

— லிஃப்ட்டுக்கும் எவனோ ஒருத்தன் டிக் போட்டுத்தான் வச்சிருப்பான்.

— நீங்க போயிட்டா பதினோரு மணிக்கு அடுத்த பேஷண்டை ஏத்திடுவாங்க.

— ஏத்தட்டும். அவங்கதான் ஒண்ணும் கேக்காதவங்களாச்சே.

— கேட்டாங்கய்யா. டாக்டரைக் கேக்கல, என்னைக் கேட்டாங்க. எல்லாம் நானே பாத்துட்டேம்மான்னு சொன்னேன்.

— யாரும்மா அது?

— எங்கம்மா.

— கடை ரெண்டு தெரு தள்ளி. மெக்கரை எடுத்துட்டு வர அரை மணி நேரம். கையெழுத்து போடறேன்னு சொல்லல. நான் வர்ற வரைக்கும் நீயும் எதுலயும் டிக் போடாத.