கிராணியார் வீட்டுச் சிவப்புப் பாக்கு

மாலை ஆறே முக்கால். ஆயர் ஈத்தாம் சாலையில் ஏழாவது மைல்கட்டை. இரண்டு பக்கமும் சதுப்புக் காடு, நடுவில் செம்மண் பாதை. அதில் ஒரே ஒரு மாட்டு வண்டி... வேறு ஈ காக்கை இல்லை.

இன்னும் நெருங்கி உட்காருங்கள், இதைக் கத்திச் சொல்ல முடியாது. நம் தையல்காரி சத்தியபாமாவின் பெரியப்பா கனகசுந்தரத்துக்கு நடந்தது இது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு, மாசி மாதம். மனிதர் யாழ்ப்பாணத்துக்காரர், பத்து பாகாட் பட்டணத்தில் ஓர் ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, எதைக் கேட்டாலும் தெரியும் என்கிற முகம். அப்படிப்பட்டவர் அன்று முழங்கால் வரை சேற்றோடு வண்டியில் உட்கார்ந்திருந்தார். பின்னால் சாக்கில் சுற்றிய வேர்க்கட்டியோடு ஒரு பாக்குத் தூர்.

சாதாரணப் பாக்கு இல்லை. மலாய்க்காரர்கள் பினாங் ராஜா என்பார்கள். அந்தச் சதுப்பிலேயே பிறந்து, அந்தச் சதுப்பிலேயே கூட்டம் கூட்டமாக நிற்கும். மட்டையின் அடி அத்தனையும் அரக்குச் சிவப்பு. வெள்ளைக்கார துரையின் பங்களா வாசலில் ஒன்று நின்றது. அதைப் பார்த்த நாளிலிருந்து கிராணியாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து மனைவி ஞானேஸ்வரி ஓர் ஆண் பிள்ளை பெற்றிருந்தாள். முப்பத்தொன்றாம் நாள் பிள்ளைத் தீட்டு, அவர்கள் பேச்சில் துடக்கு, கழிக்கிறபோது ஊர்ச்சனம் எல்லாம் வரும். வாசலில் துரை வீட்டு மரம் நிற்க வேண்டாமா?

சொட்... சொட்... சொட்...

சாக்கிலிருந்து தண்ணீர். தோண்டி எடுத்து இரண்டு மணி நேரம் ஆகிறது, சொட்டு மட்டும் குறையவில்லை. வண்டிக்கார அர்ச்சுனன் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

“கிராணி ஐயா, இது தண்ணியிலயே நின்ன சாமான். பள்ளம் வெட்டி, சேறு கட்டி வச்சுடுங்க. தெனம் நாலு தகரமாச்சும் ஊத்தணும்.”

“டேய், பனங்காட்டுக்குள்ள பிறந்தவனுக்கு நீ பனை வளர்க்கப் படிப்பிக்கிறியோ? எங்கட ஊரில பனைக்கு ஆர் தண்ணி ஊத்தினது?”

“இது பனை இல்லீங்களே...”

“ஓலை இருக்கோ இல்லையோ? தடி நேராப் போகுதோ இல்லையோ? பேசாமல் மாட்டைப் பார்.”

வாசலில் இருந்த மேட்டை இன்னும் மேடாக்கினார். ஆற்று மணலும் சாம்பலும் கொட்டி, ஊரில் பனைக்கு என்னவோ அதே மரியாதையோடு நட்டார். ஒரு செம்பு தண்ணீர்கூட இல்லை. தண்ணீர் காட்டினால் வேர் சோம்பேறியாகிவிடும் என்பது அவருடைய சித்தாந்தம். அந்த மாசியில் மழையும் எட்டிப் பார்க்கவில்லை. மூன்றே நாளில் குருத்து துவண்டது. காற்றடித்தால் வறண்ட தொண்டையைச் செருமுவது போல் ஒரு சத்தம்... க்ர்ர்... க்ர்ர்...

நான்காம் நாள் காலை, சமையலறைத் தாழி காலி.

வீட்டு வேலைக்கு வரும் கருப்பாயியை ஞானேஸ்வரி கேட்டாள். கருப்பாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “நேத்து ரொப்பிட்டுத்தாம்மா போனேன். ஒங்க தண்ணிய மடியில கட்டிக்கிட்டா போகப் போறேன்?” கனகசுந்தரம் தாழியைத் தட்டிப் பார்த்து விரிசல் என்று தீர்ப்புச் சொன்னார். எங்கே விரிசல் என்று யாரும் கேட்கக்கூடாது.

மறுநாள் பிள்ளையைக் குளிப்பாட்ட வைத்த வெந்நீர். அதற்கடுத்த நாள் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்த செம்பு. பிறகு கிணறு... வாளிக் கயிற்றில் இரண்டு முழம் ஒட்டுப் போட வேண்டியதாயிற்று. எந்தப் பாத்திரமும் கவிழவில்லை. தரை நனையவில்லை. அடியில் மட்டும் கறுப்பாக ஒரு விரற்கடை வண்டல். அழுகிய இலையும் துருப்பிடித்த இரும்பும் சேர்ந்த வாடை.

மரமோ... தேறிக்கொண்டது. குருத்து நிமிர்ந்தது. மட்டையடி வெற்றிலை போட்ட வாய் மாதிரி சிவந்தது. கிராணியார் ஆபீஸில் மேசை மேசையாகப் போய்ச் சொன்னார்: “ஒரு துளி தண்ணி ஊத்தேல்லை. பாத்தியளே?”

முப்பத்தொன்றாம் நாள் வந்தவர்கள் மரத்தைச் சுற்றி நின்று மூக்கில் விரல் வைத்தார்கள். பிறகு ஒரு வாய் காப்பி இல்லாமல் வீடு திரும்பினார்கள். அதை வைத்தே ஊர் ஒரு வாரம் வாயை மென்றது.

அன்று மாலையே ஞானேஸ்வரிக்குப் பால் நின்றது.

கொஞ்சம் கொஞ்சமாக இல்லை... மடையை அடைத்த மாதிரி. டின் பால் கரைக்கலாம் என்றால், கெண்டியில் காய்ச்சிய தண்ணீர் ஆறுவதற்குள் காணோம். பசும்பாலைப் பிள்ளை கக்கியது. ஒரு நாள் அழுதது, கண்ணீர் வரவில்லை. மறுநாள் உதடு தோலுரிந்தது, உச்சிக்குழி உள்ளே இறங்கியது. மூன்றாம் நாள் அழுகையும் இல்லை.

ஞானேஸ்வரி ஒரு துண்டுத் துணியைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள்.

“இஞ்சருங்கோ... முந்தநாள் பிள்ளைக்குச் சுத்தினது. காய்ஞ்சே கிடக்கு. மூத்திரம் போகேல்லை.” அவள் அவரைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தாள். “அதுக்குத் தண்ணி ஊத்துங்கோ.”

“மரத்துக்கும் பிள்ளைக்கும் என்னப்பா...”

“உங்களுக்குத் தெரியும்.”

தெரியும். தாழியின் வண்டலை முதல் நாள் விரலால் தொட்டபோதே தெரிந்துவிட்டது. சதுப்பில் அந்த வாடைக்குள்தான் அவர் முழங்கால் வரை நின்றிருந்தார். ஆனால் ஆபீஸ் முழுக்கச் சொல்லியாயிற்றே... சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இப்போது வாயைப் பற்றிக் கவலையில்லை. வாளியோடு ஓடினார். கிணற்றில் வாளி ணங்கென்று பாறையில் மோதியது.

அர்ச்சுனனின் வண்டியைக் கட்டி, இரண்டு மைல் போய், ஓடையில் நான்கு பீப்பாய் நிரப்பி வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. இரண்டு பேரும் மண்ணெண்ணெய்த் தகரத்தால் மொண்டு ஊற்றினார்கள். சளக்... மணல் விழுங்கியது. ஈரம்கூடத் தெரியவில்லை. சளக்... சளக்... கோட்டும் இல்லை, செருப்பும் இல்லை, கிராணியார் வாய்விட்டுக் கெஞ்சிக்கொண்டே ஊற்றினார். “குடியும்... வேண்டிய மட்டும் குடியும்... அவனை விட்டிடும்...” மரத்துக்கு மரியாதைப் பேச்சு! வேறு நாளாயிருந்தால் அர்ச்சுனன் சிரித்திருப்பான்.

கடைசிப் பீப்பாயும் தீர்ந்தது.

சளக்... சளக்... சளக்...

அர்ச்சுனன் தகரத்தைக் கீழே வைத்தான். “ஐயா... நான் ஊத்தலை.”

சத்தம் மேட்டிலிருந்து வரவில்லை. வீட்டுக்குள்ளிருந்து வந்தது. பிள்ளை படுத்திருந்த அறையிலிருந்து... வாய் நிறையப் பால் குடிக்கிற சத்தம். கனகசுந்தரம் தகரத்தைப் போட்டார். பால் வந்துவிட்டது! அழுகையும் சிரிப்புமாகப் படியேறினார்.

பின்வாசல் பக்கமிருந்து, வெறும் கெண்டியோடு, ஞானேஸ்வரி வந்துகொண்டிருந்தாள்.

“கிணத்தடியில நிண்டனான்,” என்றாள். “பிள்ளை உங்களிட்டையோ?”

இரண்டு பேரும் அறைக் கதவைத் தள்ளினார்கள். சளக்... சளக்...

அறையில் சிமினி விளக்கு எரிந்தது. பாயில் பிள்ளை தனியாக. அது பலகைத் தரை. தரைக்கும் கீழே மண்ணுக்கும் மூன்றடி இடைவெளி உண்டு. இரண்டு பலகைக்கு நடுவில் ஒரு முளை. கட்டைவிரல் தடிமன், அரக்குச் சிவப்பு. எட்டாததை எட்டிப் பிடிக்கிற மாதிரி முறுக்கிக்கொண்டு, விறைத்து, வளைந்து... அதன் நுனி பிள்ளையின் வாய்க்குள் இருந்தது. பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சியது. கன்னம் உப்பியிருந்தது. உதட்டோரம் கறுப்பாக ஒரு கோடு வழிந்தது.

பின்னால் வந்த அர்ச்சுனன் சத்தமில்லாமல் இடுப்பிலிருந்த பாராங் கத்தியை எடுத்து நீட்டினான். கனகசுந்தரம் வாங்கி ஓங்கினார்.

ஞானேஸ்வரி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். மறு கையைப் பிள்ளையின் கீழே விட்டுத் துணியைத் துழாவிப் பார்த்தாள்.

“நனைஞ்சிருக்கு,” என்றாள். “வெட்டாதேங்கோ.”

பிறகு தரையில் மண்டியிட்டு, பாயின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து, பிள்ளை அசையாதபடி... மெதுவாக... முளை இருந்த பக்கமாக ஒரு சாண் நகர்த்தி வைத்தாள்.