மேகமே இல்லாத புதன்கிழமை

தமிழ்நிலா: கட்டில நீ தூக்காத சிலம்பு, அப்பா வந்து ஒரு கை புடிக்கட்டும்.

சிலம்பரசன்: ரிட்டயர் ஆன மனுசனக் கட்டில் தூக்கச் சொல்றியா? நீ அடிபட்ட கையக் கட்டித் தொங்க வுட்டுக்கினு அதிகாரம் மட்டும் பண்ணு.

தமிழ்நிலா: பொறந்ததுலேர்ந்து இருந்த குவார்ட்டர்ஸ்டா. நாளைக்கு சாவியக் குடுத்துட்டா வேற யாரோ...

சிலம்பரசன்: வரட்டும். அவங்க துணியிலயும் கரித்தூள் படியும்.

தமிழ்நிலா: ஸ்கூல் வெள்ளை யூனிபார்ம் காயறதுக்குள்ள சாம்பலாயிடும். அம்மா மைன்ஸையே சாபம் வுடும்!

சிலம்பரசன்: என்னையுந்தான். உன்ன சைக்கிள்ல பின்னாடி வெச்சி ரவுண்டானால தள்ளி வுட்டனே...

தமிழ்நிலா: முட்டியில தழும்பு இன்னும் இருக்குது. அந்த நாளு எவ்ளோ நல்லா இருந்துச்சி...

சிலம்பரசன்: ம்.

தமிழ்நிலா: என் பிளேன் கம்பெனில டெல்லிக்கே வந்துடச் சொல்றாங்க. போயிட்டா, இந்தப் பக்கம் வர எனக்கு வூடுகூட இல்ல. போவட்டுமா?

சிலம்பரசன்: போ. நல்ல வேலை.

தமிழ்நிலா: அவ்ளோதானா?

சிலம்பரசன்: வேறென்ன? கை எப்புடி ஆச்சின்னு சொல்லு. பாத்ரூம்ல வழுக்குனதுன்னு கத வுடாத.

தமிழ்நிலா: அது அம்மாவுக்குச் சொன்னது. பிளேன்லதான்டா. முதலாளிங்க வாடகைக்கு எடுப்பாங்களே, எட்டு சீட்டு குட்டி பிளேனு. டீ குடுத்துக்கினு இருந்தேன். வெளிய பொட்டு மேகம் இல்ல. ரேடார்லயும் ஒண்ணும் காட்டல. திடீர்னு... காலுக்குக் கீழ தரையே இல்ல.

சிலம்பரசன்: ஐயோ...

தமிழ்நிலா: கூரையில போயி மோதி, தொப்புனு விழுந்தேன். வெறும் காத்துடா! கண்ணுக்கே தெரியாத காத்து. செத்தேன்னுதான் நெனச்சேன்.

சிலம்பரசன்: புதங்கெழம வெயில்கூட நல்லாத்தான அடிச்சிது...

தமிழ்நிலா: நில்லு. புதங்கெழமன்னு நான் எப்ப சொன்னேன்?

சிலம்பரசன்: சொன்னியே.

தமிழ்நிலா: சொல்லல.

சிலம்பரசன்: ஸ்பேனர் எங்க வெச்சன்...

தமிழ்நிலா: பேச்ச மாத்தாத! என்னப் பாத்து சொல்லு.

சிலம்பரசன்: போன்ல ஒரு ஆப் இருக்குது. எந்த பிளேனு எங்க பறக்குதுன்னு காட்டும். நீ அனுப்பின போட்டோல வால் மேல நம்பர் இருந்துச்சி, அதான்...

தமிழ்நிலா: எத்தினி நாளா?

சிலம்பரசன்: ரெண்டு வருசமா. மைன்ஸ்ல கரி போற கன்வேயர் பெல்ட் பக்கத்துல நின்னுக்கினு உன் புள்ளியவே பாத்துக்கினு இருப்பேன். ஷிப்டு போறதே தெரியாது.

தமிழ்நிலா: அடப்பாவி...

சிலம்பரசன்: அன்னிக்கு உசரம் மடமடன்னு கொறையுது. பெல்ட்டுல ஏதாச்சும் தப்பாயிட்டா பக்கத்துல இருக்கற கயித்த இழுத்து நிறுத்துவோம்ல... கை தானா இழுத்துடுச்சி. மொத்த பெல்ட்டும் நின்னு போச்சி.

தமிழ்நிலா: பைத்தியமாடா நீ! கயித்த இழுத்தா பிளேனு நிக்குமா?

சிலம்பரசன்: எனக்கு வேற என்ன பண்ணத் தெரியும்? சூப்பர்வைசர் புடிச்சி வாங்கிட்டாரு. ஒரு வாரம் வேலைக்கே வராதன்னுட்டாரு.

தமிழ்நிலா: இவ்ளோத்தையும் மனசுல வெச்சிக்கினு, டெல்லிக்குப் போன்னு எப்புடிடா சொன்ன?

சிலம்பரசன்: நான் காண்ட்ராக்ட்டு ஆளு. போவாதன்னு சொல்ல நான் யாரு?

தமிழ்நிலா: சொல்லித்தான் பாரேன்.

சிலம்பரசன்: ...போவாத நிலா.

தமிழ்நிலா: நேத்தே வரலன்னு சொல்லிட்டேன்டா மடையா. அன்னிக்கு என்னத் தூக்கி உக்கார வெச்சிட்டு பைலட்டு மொதல்ல கேட்டதே, "யாரும்மா அந்த சிலம்பு, அப்புடிக் கத்தினியே"ன்னுதான்.