ஜாஸ்தியா, கம்மியா?

தலைமை ஏற்றிருக்கும் பெரியவர், கீழ்பென்னாத்தூர்ச் சாலையில் நிலக்கடலை மண்டி வைத்திருப்பவர், ஊரார் அன்போடு மல்லாட்டை ஆதிமூலம் என்று அழைக்கும் ஆதிமூலம் அவர்களே! தங்கையைப் பறிகொடுத்துவிட்டு, அழுது சிவந்த கண்களோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ரியாசுதீன் பாய் அவர்களே! என் சக ஆசிரியப் பெருமக்களே! பெஞ்சு போதாமல் சுவரோரம் நிற்கும் தாய்மார்களே! ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும் என் மாணவச் செல்வங்களே, கீழே இறங்குங்கள், விழுந்து வைக்காதீர்கள்!

வணக்கம். இந்தப் பள்ளியின் தலைமையாசிரியன் சக்கரவர்த்தி பேசுகிறேன். இரங்கல் கூட்டத்தில் அடங்கிய குரலில் பேச வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் யாரைப் பற்றிப் பேச நிற்கிறேன்? ஜாஹிரா டீச்சரைப் பற்றி! இந்தப் பள்ளியின் மதிய உணவுப் பொறுப்பாசிரியர், 1968 ஜூன் முதல் இந்த 1979 ஆகஸ்ட் வரை பதினோரு ஆண்டுகள் நம் பிள்ளைகளின் வயிற்றைக் கவனித்துக்கொண்ட ஜாஹிரா டீச்சரைப் பற்றி! அவர் பெயரைச் சொன்னாலே எனக்குக் குரல் ஏறிவிடுகிறது. அதோடு, இன்றைக்கு உங்களிடம் சொல்வதற்கு ஒரு சேதியும் வைத்திருக்கிறேன். காலையிலிருந்து அதை வாய்க்குள் அடக்கிக்கொண்டு நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். பொறுங்கள், கடைசியில் சொல்கிறேன்.

போன வெள்ளிக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை ராத்திரி மஞ்சள் காமாலை அவரைக் கொண்டுபோய்விட்டது. வயது நாற்பத்தொன்று. நாற்பத்தொன்று ஒரு வயதா? இது நியாயமா? நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

நண்பர்களே! நம் பள்ளியில் மதிய உணவு சாப்பிடும் பிள்ளைகள் நூற்றிருபத்தெட்டு பேர். ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்குக் கிடைக்கும் தொகை எவ்வளவு தெரியுமா? தேரடி வீதியில் நீங்கள் குடிக்கிறீர்களே ஒரு டீ, அதற்குக் கொடுக்கும் காசில் பாதி கூட இல்லை. அந்தக் காசில் விறகு வாங்க வேண்டும், பருப்பு வாங்க வேண்டும், உப்பு புளி மிளகாய் வாங்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து உதவிக் கோதுமை கப்பலில் வந்துவிடும், மற்றதெல்லாம் வருமா? போதாததை ஊரார் போட வேண்டும் என்பது ஏற்பாடு. ஊரார் என்றால் யார்? கேட்கப் போனால் ஊரில் யாருமே இருப்பதில்லை!

ஜாஹிரா டீச்சர் கேட்கப் போனார். தலைவர் கோபித்துக்கொள்ளக் கூடாது, நான் இதைச் சொல்லத்தான் போகிறேன். சத்துக் குறைந்த கோதுமைக் கஞ்சியில் வறுத்த மல்லாட்டையை இடித்துப் போட்டால் பிள்ளைகள் தேறுவார்கள் என்று டீச்சர் கணக்குப் போட்டு, நம் தலைவரின் மண்டிக்குப் போனார். தலைவர் தாராளமாக ஒரு மூட்டையைத் தூக்கிக் கொடுத்தார். டீச்சர் அங்கேயே மூட்டையைப் பிரித்தார். அத்தனையும் சூம்பல், சொத்தை! கையில் ஒரு பிடி அள்ளி நீட்டினார். "அண்ணா, நீங்க ஒண்ணு வாயில போட்டுக்குங்க. நல்லா இருந்தா நான் தூக்கிட்டுப் போறேன்" என்றார். தலைவர் வாயில் போட்டார். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. இதோ, சிரிக்கிறார் பாருங்கள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைக்கிறார்! அன்று முதல் இந்தப் பள்ளிக்கு மாதம் ஒரு மூட்டை முதல் தர மல்லாட்டை வருகிறது. ஒரு மாதம் கூடத் தவறியதில்லை. தலைவருக்கு என் நன்றி.

ஆனால் நான் பேச வந்தது மல்லாட்டையைப் பற்றி அல்ல. இரண்டு சொற்களைப் பற்றி. ஜாஸ்தி, கம்மி.

டீச்சர் பொறுப்பேற்ற புதிதில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவு, ஒரு கரண்டி. சில தட்டுகளில் மிச்சம் விழும், காக்காய் தின்னும். சில பிள்ளைகள் தட்டை விரலால் வழித்து, அந்த விரலையும் சப்பிக்கொண்டு, மேலும் கேட்காமல் எழுந்து போவார்கள். "பசிக்குதா, இன்னும் வேணுமா?" என்று நானே கேட்டிருக்கிறேன். தலையை ஆட்டி வேண்டாம் என்பார்கள். நானும் நிம்மதியாகப் போய்விடுவேன். டீச்சர் போகவில்லை. என்னிடம் சொன்னார்: "பசிக்குதான்னு கேட்டா எந்தப் பிள்ளையும் ஆமான்னு சொல்லாது சார். கூட நிக்கிற பிள்ளை பாக்குதில்ல? எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி, ஜாஸ்தியா கம்மியான்னு கேக்கலாம். அப்ப சொல்லிடும்."

சொல்லிவிட்டார்கள்! மறுநாளிலிருந்து நம் சமையல்காரர் காசியம்மாள் கரண்டியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு தட்டுக்கும் கேட்டார், "ஜாஸ்தியா, கம்மியா?" வீட்டில் சாப்பிட்டு வந்த பிள்ளை கம்மி என்றது. காலையில் தண்ணீர் மட்டும் குடித்து வந்த பிள்ளை ஜாஸ்தி என்றது. ஒருவருக்கும் கூச்சமில்லை. கம்மியில் மிஞ்சியது ஜாஸ்திக்குப் போனது. அரசாங்கத்துக்கு ஒரு காசு கூடுதல் செலவு உண்டா? கிடையாது! காக்காய்க்குத்தான் நஷ்டம்.

டீச்சர் அதோடு விடவில்லை. இருப்புப் பதிவேட்டின் ஓரத்தில் தினமும் எழுதி வைத்தார். ஜாஸ்தி இத்தனை, கம்மி இத்தனை. மாதக் கடைசியில் நான் அதன் கீழே கையெழுத்துப் போடுவேன். என்னவென்று படித்தேனா? சபையில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உப்பு ஜாஸ்தி, காரம் கம்மி என்று சமையலைப் பற்றி ஏதோ எழுதுகிறார் என்று எட்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்! உப்புக்கு எதற்கய்யா நாற்பத்தொன்று என்ற எண் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இவன் ஒரு தலைமையாசிரியன்!

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு திங்கட்கிழமை காலை, ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். பதிவேட்டைப் புரட்டினார். முகம் இறுகியது. "இதென்ன, கோதுமை நாற்பத்தொரு கிலோ ஜாஸ்தி, எண்பத்தேழு கிலோ கம்மி? இருப்பு இப்படியா இருக்கும்? வித்துட்டீங்களா?" என்றார். நான் உடனே டீச்சரைக் காப்பாற்றப் பாய்ந்தேன். "சார், அது உப்பு சார்!" என்றேன். அதிகாரி என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. பிறகு பேனாவைத் திறந்தார். விசாரணை முடியும் வரை இந்தப் பள்ளியில் மதிய உணவை நிறுத்தி வைக்கப் பரிந்துரைக்கிறேன் என்று எழுத ஆரம்பித்தார்.

நிறுத்தி வைப்பதா? நூற்றிருபத்தெட்டு பிள்ளைகள்! நான் கையெடுத்துக் கும்பிட்டேன். டீச்சர் கும்பிடவில்லை. "எழுதுங்க சார். ஆனா மணி பன்னெண்டரை ஆயிடுச்சி. சாப்பாட்டைப் பாத்துட்டு வந்து எழுதுங்க" என்றார். அதிகாரி பேனாவைத் திறந்தபடியே எழுந்து வந்தார்.

டீச்சர் அவரை அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார். வரிசை நகர்ந்தது. ஜாஸ்தியா, கம்மியா? ஜாஸ்தி. ஜாஸ்தியா, கம்மியா? கம்மி. டீச்சர் கோடு போட்டுக்கொண்டே வந்தார். அதிகாரியும் எண்ணியிருக்க வேண்டும். கடைசிப் பிள்ளை போனதும் டீச்சர் நோட்டை நீட்டினார். ஜாஸ்தி நாற்பத்து மூன்று.

அதிகாரி சனிக்கிழமைப் பக்கத்தைப் புரட்டினார். அங்கே பத்தொன்பது. "இன்னைக்கு மட்டும் ஏன் இவ்வளவு?" என்றார்.

"இன்னிக்குத் திங்கக்கிழமை சார்."

"அதனால?"

"நேத்து ஞாயித்துக்கிழமை சார். இங்க அடுப்பு எரியல. இவங்க வீட்லயும் எரியல."

நண்பர்களே! அந்த மனிதர் பேனாவை மூடினார். பதிவேட்டை வாங்கி முதலிலிருந்து படித்தார். தீபத் திருவிழாவின் பத்து நாளும் கம்மி, கம்மி, கம்மி. ஊரே சத்திரத்துக்குச் சத்திரம் சோறு போட்ட நாட்கள் அவை. பதினோராம் நாள் ஜாஸ்தி அறுபத்திரண்டு! மழை பெய்து வயல் வேலை நின்ற வாரம் ஜாஸ்தி ஐம்பது. அறுவடை வாரம் பதினான்கு. இந்த ஊர் எந்த நாளில் பசித்திருந்தது என்பது அத்தனையும் அந்த ஓரத்தில் இருந்தது. எட்டு வருடம் கீழே கையெழுத்துப் போட்ட எனக்குத் தெரியாமல் இருந்தது!

காசியம்மாள் ஒரு தட்டை எடுத்து அதிகாரியிடமும் கேட்டுவிட்டார், "சாருக்கு ஜாஸ்தியா, கம்மியா?" அவர் தரையில் உட்கார்ந்தார். "கம்மி போதும்மா, மிச்சத்தைப் பிள்ளைங்களுக்குப் போடுங்க" என்றார். பரிந்துரைத் தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினார்.

அன்று மாலை டீச்சர் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "பிள்ளைங்களுக்கு முட்டை போட நமக்கு வசதியில்ல சார். நோட்லயாச்சும் ஒரு முட்டை போடணும். ஒரு திங்கக்கிழமை, ஒரே ஒரு திங்கக்கிழமை, ஜாஸ்திக்கு நேரா சைபர் வரணும். எல்லாப் பிள்ளையும் ஞாயித்துக்கிழமை சாப்பிட்டுச்சின்னு அர்த்தம்." அதற்காகத்தான் சனிக்கிழமை பள்ளி விடும்போது ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் ஒரு கை வறுத்த மல்லாட்டை போட்டு அனுப்பினார். நாற்பத்து மூன்று முப்பத்தைந்தானது. அதற்குக் கீழே இறங்கவில்லை.

அவரை அடக்கம் செய்த சனிக்கிழமை பள்ளிக்கு விடுமுறை விட்டேன். திங்கட்கிழமையும் விடுமுறை விடலாம், அதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்தேன். காசியம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னா சார் பேசறீங்க? திங்கக்கிழமை சார்! டீச்சர் இருந்தா உங்கள சும்மா வுட்டிருப்பாங்களா?" என்றார். பள்ளியைத் திறந்தேன். அடுப்பு எரிந்தது.

டீச்சரின் நோட்டோடு நான் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றேன். வரிசையில் முதல் பிள்ளை ஒன்றாம் வகுப்பு சரோஜா. காசியம்மாளுக்கு அழுகையில் பேச வரவில்லை, கேட்கவில்லை. அந்தப் பிள்ளை தானாகத் தட்டை நீட்டி, "கம்மி" என்றது. அடுத்த பிள்ளை கம்மி. அதற்கடுத்தது கம்மி. வழக்கமாக ஜாஸ்தி கேட்கும் பிள்ளைகள், எனக்கு முகம் தெரியும், அவர்களும் கம்மி. நூற்றிருபத்தெட்டு பேரும் கம்மி! யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சோறு இறங்கவில்லை அவர்களுக்கு. அண்டாவில் பாதி அப்படியே இருந்தது.

இத்தனை வருடமாக அவர் கேட்ட சைபர் வந்துவிட்டது. ஒரு திங்கட்கிழமை வந்துவிட்டது. இந்த சைபரையா அவர் கேட்டார்? சொல்லுங்கள், இதையா கேட்டார்? நான் அதை எழுதவில்லை. ஜாஸ்திக்கு நேரே அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். இதோ நோட்டு, வந்து பாருங்கள்.

இப்போது அந்தச் சேதிக்கு வருகிறேன். என்னால் இனி அடக்க முடியாது!

இன்று டீச்சர் மறைந்த பத்தாம் நாள். வீட்டில் பாத்திஹா ஓதி உறவுக்குச் சாப்பாடு போட வேண்டிய நாள். முந்தாநாள் ரியாசுதீன் பாய் என் வீட்டுக்கு வந்தார். "சார், ஓதறத வீட்ல ஓதிக்கிறோம். சாப்பாட்ட பள்ளிக்கூடத்துல வெச்சிக்கலாமா? ஞாயித்துக்கிழமையாச்சே" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் துள்ளி எழுந்தேன். ஞாயிற்றுக்கிழமை! பதினோரு வருடம் நாங்கள் திங்கட்கிழமையை எண்ணிக்கொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை அடுப்பைப் பற்ற வைக்க யாருக்கும் தோன்றவில்லையே!

பெரியோர்களே, தாய்மார்களே, மூக்கை இந்தப் பக்கம் திருப்புங்கள்! வாசனை வருகிறதா? வருகிறதல்லவா? காசியம்மாள் ஏன் இந்தக் கூட்டத்தில் இல்லை என்று நீங்கள் நினைத்திருக்கலாம். பின்கட்டில் இருக்கிறார். நம் பள்ளியின் வரலாற்றில் முதல் முறையாக ஞாயிற்றுக்கிழமை அடுப்பு எரிகிறது! இது ரியாசுதீன் பாயின் ஞாயிறு. அடுத்த ஞாயிறு தலைவருடையது. மேடையேறும்போதே என் காதில் சொல்லிவிட்டார். அதற்கடுத்தது ஆசிரியர்கள் நாங்கள். அதற்கடுத்தது யாருடையது? நோட்டு இதோ சுற்றி வருகிறது. அடி அண்ணாமலைக்காரர்கள் கை தூக்குகிறார்கள், பார்த்தேன், பார்த்தேன்! காசு இல்லாதவர்கள் விறகு கொண்டு வாருங்கள். விறகும் இல்லாதவர்கள் கரண்டி பிடிக்க வாருங்கள்.

ஜாஹிரா டீச்சர் அவர்களே! உங்கள் முன்னால், உங்கள் அண்ணன் முன்னால், இந்த ஊரின் முன்னால் சொல்கிறேன். நாளை திங்கட்கிழமை. பன்னிரண்டரை மணிக்கு அண்டாவுக்குப் பக்கத்தில் நான் நிற்பேன். ஒவ்வொரு தட்டுக்கும் கோடு போடுவேன், படித்துப் பார்த்துத்தான் கையெழுத்தும் போடுவேன். நாளைக்கே சைபர் வந்துவிடாது, எனக்குத் தெரியும். முப்பது வரலாம், இருபத்தைந்து வரலாம். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கம்மி என்று சொல்லி, அந்த சைபர் வரும் திங்கட்கிழமை வரை இந்த ஞாயிற்றுக்கிழமை அடுப்பு அணையாது. இது சத்தியம்!

நான் பேச்சை முடிக்கிறேன். தட்டோடு பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்கள், சோறு ஆறுகிறது. எல்லோரும் எழுந்திருங்கள். பெரியவர்களும் வரிசைக்கு வர வேண்டும். காசியம்மாள் உங்களிடமும் கேட்பார். அந்தச் சுவரோரம் நிற்கும் தாய்மார்களே, முக்கியமாக உங்களுக்குத்தான் சொல்கிறேன். கேட்டால், வெட்கப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள்.