காணாமல் போனவளுக்குப் பன்னிரண்டு அழைப்புகள்

புகாரில் 'காணாமல் போன பெண்' எனக் குறிக்கப்பட்டவர், வயது 48, திருமணமாகாதவர், குழந்தைகள் காப்பகத்தில் ஆயா, வசிப்பது பெண்கள் விடுதி மூன்றாம் மாடி ஆறாம் அறை, நிலையத்துக்கு நேரில் வந்து சொல்ல, எழுத்தர் பதிவு செய்தது:

இன்று 11ஆம் தேதி திங்கள் காலை 10.20 மணிக்கு நிலைய எழுத்தர் என் கைப்பேசியைப் பார்த்து, 3ஆம் தேதி முதல் என் தம்பியின் எண்ணிலிருந்து பதினோரு அழைப்புகள் வந்திருப்பதையும், பதினொன்றையும் நான் எடுத்துப் பேசியிருப்பதையும் உறுதி செய்தார். என்னைத் தொடர்புகொள்ளவே முடியவில்லை என்று 8ஆம் தேதி புகார் கொடுத்தவன் அதே தம்பிதான்.

அவனும் மனைவியும் வேலைக்குப் போவதால், பதினெட்டு வருடங்களாக அவர்கள் வீட்டில் இருந்து இரண்டு பிள்ளைகளையும் நான்தான் வளர்த்தேன். காப்பகத்தில் வேலை கிடைத்ததும், இனி விடுதியில் தங்கப் போகிறேன் என்று 1ஆம் தேதி சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். தம்பி கைப்பேசியைப் பார்த்தபடியே, "சரிக்கா, பார்த்துப் போய்ட்டு வா" என்றான். அதன் பிறகு, விடுதி முகவரியையும் சின்னவனின் ஆஸ்துமா மருந்து நேரத்தையும் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு, 3ஆம் தேதி காலை ஆட்டோவில் கிளம்பினேன்.

அன்று 11.15க்கு முதல் அழைப்பு. "அக்கா, மிக்ஸி மூடிய எங்க வச்ச?" சிங்குக்குக் கீழே என்றேன். போனை வைத்துவிட்டான். அதன் பிறகு பள்ளி பெல்ட், மின்கட்டண அட்டை என்று கேட்டார்கள். எங்கே இருக்கிறாய் என்று ஒரு தடவையும் கேட்கவில்லை.

7ஆம் தேதி அதே எண்ணில் தம்பி மனைவி பேசினாள். "அண்ணி, கோவத்த விட்டுட்டு வந்துடுங்க. நான் எத்தன நாள்தான் லீவு போடுறது?"

"கோவமெல்லாம் இல்லம்மா. வேலைக்குச் சேர்ந்துட்டேன்."

மறுநாள் புகார். அதற்கு மறுநாள் எல்லோர் கைப்பேசியிலும் 'காணவில்லை' அறிவிப்பு. அதில் இருந்த படம் தம்பி கல்யாணத்தில் எடுத்தது. பக்கத்தில் நின்றவரின் தோள் பாதி தெரிகிறது. உயரத்தை அரையடி கூட்டியிருந்தார்கள். அதெல்லாம் போகட்டும். 'மனநிலை சரியில்லாதவர்' என்று ஒரு வரி இருந்தது. 2ஆம் தேதி வரை பிள்ளைகளையும் வீட்டுச் சாவியையும் என்னிடம் விட்டுப் போனவர்களுக்கு 8ஆம் தேதிதான் இது தெரிய வந்திருக்கிறது.

நேற்று, பதினோராவது அழைப்பில், ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டேன். "அப்படிப் போட்டாதான் சீக்கிரம் தேடுவாங்கன்னு சொன்னாங்கக்கா. இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்குறியே" என்றான்.

காப்பகத்தில் ஒரு குழந்தையின் அம்மா அந்த அறிவிப்பைக் காட்டியிருக்கிறார். உரிமையாளர் என்னை வெளியே அழைத்து, "எனக்கு உங்க மேல சந்தேகமே இல்லம்மா. பெத்தவங்க கேக்குறாங்களே. போலீஸ் கையெழுத்தோட ஒரு தாள் கொண்டு வாங்க, இல்லன்னா வேற ஆள்தான் பாக்கணும்" என்றார்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது பன்னிரண்டாவது அழைப்பு வந்தது. எழுத்தர் சொன்னபடி ஸ்பீக்கரில் போட்டேன். "அக்கா, சிலிண்டர் தீந்துபோச்சு, எந்த நம்பர்ல புக் பண்ணுவ?"

எழுத்தர் குனிந்து, "ஏங்க, காணாமப் போனவங்ககிட்டயா கேக்குறீங்க?" என்றார். அழைப்பு துண்டிக்கப்பட்டது.

'மனநிலை சரியில்லாதவர்' என்ற வரியை நீக்கிய மறு அறிவிப்பும், நான் தெளிந்த மனத்துடன் என் விருப்பப்படியே வந்தவள் என்ற சான்றும் ஆய்வாளர் கையெழுத்துக்குக் காத்திருக்கின்றன. 13ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குள் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். காப்பகத்தில் எனக்குக் கொடுத்த கெடு 14ஆம் தேதி காலை எட்டு மணி.

இதை நானே படித்துப் பார்த்தேன். நான் சொன்னது கூடாமல் குறையாமல் இருக்கிறது, அத்தனையும் உண்மை. முதல் வரியில் 'காணாமல் போன' என்பதை மட்டும் அடித்து, அடித்த இடத்தில் தனியாக ஒரு கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)