ஏழு எழுத்து தள்ளி

— பத்தொம்பது பேப்பரு, ஜஸீலா டீச்சர். பத்தொம்பதுலயும் முட்ட. ஹெட்மாஸ்டரா உக்காந்து பதினோரு வருஷம் ஆச்சு, இப்படி ஒரு கூத்த நான் பாத்ததில்ல.

— நானும் பாத்ததில்ல, ஆனந்தராஜ் சார். கொஞ்சம் உக்காந்துக்குறேன்.

— உக்காருங்கம்மா. தண்ணி இருக்கு, குடிங்க. கல்வி ஆபீஸ்லேருந்து என்ன எழுதியிருக்காங்கன்னு படிக்கவா? ‘மூன்றாம் வகுப்பில் எந்தக் குழந்தைக்கும் எழுதப் படிக்கத் தெரியவில்லை.’ எந்தக் குழந்தைக்கும்! எட்டு மாசத்துல ரிட்டயர்டு ஆவப்போறவன் கையில குடுக்குற காயிதமா இது?

— எம்புள்ளைங்களுக்கா தெரியல? கரையில நிக்கிற போட்டுல எழுதியிருக்குற பேரு, நம்பரு அத்தனையும் கவியா கடகடன்னு வாசிப்பா சார்.

— அப்ப இது என்ன? பாருங்கம்மா. படகு படம் போட்டு, பேரு எழுதச் சொல்லியிருக்கு. படகுலயே பொறந்து வளந்த புள்ள ‘ளரநு’ன்னு எழுதி வச்சிருக்கு. ளரநுன்னா என்னா?

— குடுங்க பாப்போம்… அல்லாவே. இது ரகசிய எழுத்து சார்.

— என்னது?

— நான் சொல்லிக்குடுத்ததுதான். க, ங, ச, ஞன்னு வரிசையச் சொல்லச் சொன்னா ஒண்ணும் வாயத் தொறக்காது. கழித்தல் கணக்குன்னா மூக்க உறிஞ்சும். அதான் வெளாட்டா ஆரம்பிச்சேன். எந்த எழுத்து வேணுமோ அதுலேருந்து மூணு எழுத்து தள்ளி எழுதணும். க வேணும்னா ஞ. ப வேணும்னா ர. கொம்பு, காலு, அ, ஆ எல்லாம் அப்படியே. ன வரைக்கும் போயிட்டா மறுபடி கவுலேருந்து எண்ணணும். படிக்கிறவங்க மூணு பின்னால எண்ணிக்கணும். ரெண்டே மாசத்துல பதினெட்டு எழுத்தையும் தலைகீழா ஒப்பிக்குதுங்க சார். கழித்தலும் வந்துடுச்சு.

— சரி. அந்தக் கணக்குப்படியே இத எண்ணிச் சொல்லுங்க.

— ள… மூணு பின்னால போனா ல. ர… ப. நு… டு. ‘லபடு’.

— லபடு.

— மறுபடி எண்ணிட்டேன் சார். அதேதான் வருது.

— அஞ்சு மணிக்குள்ள குடுத்தா மறுபடி திருத்துவாங்களாம். மணி நாலரை. லபடுன்னு எழுதிக் குடுத்துட்டு வரவா?

— விடுங்க சார். நான் ஓஞ்சு போயிட்டேன். அம்பகரத்தூர்லேருந்து காரைக்கால், அங்கேருந்து பட்டினச்சேரி. ஆறு வருஷமா ரெண்டு பஸ்ஸு. அதக்கூடப் பொறுத்துக்குவேன். உம்மாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிட்டப்புறம் காலையில கதவச் சாத்திட்டு வர முடியல. பக்கத்து ஊட்டு பஹீமா மதியம் ஒரு தடவ எட்டிப் பாக்குது. போன மாசம் கட்டில்லேருந்து விழுந்து, நான் போற வரைக்கும் வெறுந்தரையில கெடந்துச்சு.

— தெரியும்மா. இந்தத் தேர்வுல நல்லா வந்தா கேட்ட ஊருக்கு மாத்தல்னு உங்களுக்குச் சொன்னதே நான்தானே.

— நான் புள்ளைங்ககிட்டயும் சொன்னேன். நீங்க நல்லா எழுதுனாதான் டீச்சருக்குச் சொந்த ஊருல வேல கெடைக்கும், உம்மாவப் பாத்துக்க முடியும்னு. கெஞ்சாத கொறதான். எல்லாம் தலைய ஆட்டுச்சுங்க. இப்படிக் கழுத்தறுத்துடுச்சுங்களே சார்.

— சின்னப் புள்ளைங்கம்மா. அதுங்களப் போயி… இருங்க. ஒண்ணு கேக்குறேன். கிறுக்கியிருந்தா ஆளுக்கொரு தினுசால்ல இருக்கணும்? எல்லாப் பேப்பருலயும் ஒரே ளரநு எப்படி வந்துச்சு?

— எல்லாத்துலயுமா? காட்டுங்க… சார், நம்பர மாத்தியிருக்குங்க! படகுன்னே வச்சுக்குங்க. பவுலேருந்து எண்ணுங்க. ம, ய, ர, ல, வ, ழ, ள. ஏழு. டவுலேருந்து ண, த, ந, ப, ம, ய, ர. அதுவும் ஏழு!

— அப்ப இது படகுதானா?

— படகேதான். அடுத்தது ‘நரங்’. ஏழு பின்னால… கடல். சரி. இதுவும் சரி. கழித்தல் கணக்குக்கு விடைய எழுத்தால எழுதி, அதையும் மறைச்சிருக்குங்க பாருங்க. எல்லாம் சரி சார்! ஒண்ணுகூடத் தப்பில்ல!

— அட! நான் காயிதம் எழுதிடுறேன். ‘ஏழு எழுத்து பின்னால் எண்ணிப் படிக்கவும்’னு. இனிமே உங்க மாத்தல யாரு தடுக்குறா பாப்போம்.

— பஹீமாவுக்கு ஒரு போன் போட்டுக்கட்டுமா? உம்மாகிட்ட சொல்லச் சொல்றேன். ஆறு வருஷம் சார்…

— போடுங்கம்மா, தாராளமா. ஆமா, மூணுன்னு இருந்தத ஏழுன்னு ஏன் மாத்துனாங்க?

— அது நான் சொன்னதுதான். யாருக்குத் தெரியக் கூடாதோ, அவங்களுக்குத் தெரியாத நம்பர வச்சுக்கணும்னு. ஆபீஸ்காரங்களுக்கு மூணும் தெரியாது, ஏழும் தெரியாது. மூணு தெரிஞ்சது… நான் ஒருத்திதான்.

— அப்ப மறைச்சது உங்ககிட்ட.

— என்கிட்டயா? எதுக்கு சார்? விடை தெரியலன்னா சரி. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு எதுக்கு மறைக்கணும்?

— கடைசிக் கேள்விய நாம இன்னும் பாக்கல. ‘உங்கள் ஆசிரியரைப் பற்றி ஒரு வரி எழுதுக.’ இதுலயும் எல்லாருக்கும் ஒரே வரிதான். கவியா பேப்பரு நல்லா தெளிவா இருக்கு. நீங்க போன்ல பேசுங்க, நான் எண்ணுறேன்.

— ரிங்கு போவுது… சீக்கிரம் சார், அஞ்சாவப் போவுது.

— ஜஸீலாம்மா. போன வச்சிடுங்க.

— ஏன் சார்? என்ன எழுதியிருக்கு?

— ‘எங்களுக்கு எழுதத் தெரியலன்னா எங்க டீச்சர் போவ மாட்டாங்க.’